மாணவர்களோடு மலையேறும் தன்னார்வலர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது எங்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். "உங்களோடு நானும் வரலாமா, பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக நடக்கலாமா" என்று கேட்பார்கள். நாங்கள் தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்து ஆட்கள். ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், விவசாயி என்று பதினைந்து பேர் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை படிக்கும் மாணவர்களை மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று நாள் நடைக்கு அழைத்துப் போகிறோம். அழைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இதற்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் என்ன வேறுபாடு?

சுற்றுலாவில் முடிவெடுப்பது பெரியவர்கள். எப்போது கிளம்புவது, எங்கே சாப்பிடுவது, யார் எங்கே உட்காருவது எல்லாவற்றையும் ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் பின்னால் வருவார்கள். எங்கள் நடையில் ஒவ்வொரு நாளும் இரண்டு மாணவர்கள் நாள் தலைவர்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நின்று தண்ணீர் குடிப்பது, கால் வலிப்பவனுக்காக வேகத்தைக் குறைப்பதா, அவன் பையைப் பிரித்துச் சுமப்பதா என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மறுநாள் வேறு இருவர்.

இந்த முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் நிறுவன உரிமையாளரும் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார்கள். இளைஞர்களைக் கடலுக்கும் மலைக்கும் அனுப்பி அவர்களுக்குள் இருக்கும் பொறுப்பை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது ஹானின் எண்ணம். அமெரிக்காவில் பால் பெட்சோல்ட் என்ற மலையேறி 1965-இல் 'நோல்ஸ்' பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களே முறை வைத்துக் குழுவை நடத்தும் பழக்கம் அங்கே வேரூன்றியது. நம் ஊரில் என்.சி.சி. மாணவர்களுக்காக நீலகிரியில் நடத்தும் மலையேற்ற முகாமுக்குப் போய் வந்தவர்களுக்கும் இதன் சாயல் தெரிந்திருக்கும்.

அப்படியானால் தன்னார்வலரின் வேலைதான் என்ன?

பெரும்பாலான நேரம் பின்னால் நடப்பது. கடைசி மாணவருக்கும் பின்னால்.

கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஓர் எஸ்டேட் நிலத்தில் நடந்துகொண்டிருந்தோம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நாள் தலைவர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் அகலமான பாதையில் திரும்பிவிட்டார்கள். அது தவறான பாதை என்று எனக்குத் தெரியும். எங்களோடு வந்த உள்ளூர் அண்ணனுக்கும் தெரியும். அந்தப் பக்கம் பள்ளமோ ஆறோ இல்லை, விலங்கு நடமாட்டமும் இல்லை என்று அவரிடம் மெதுவாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு பேசாமல் நடந்தேன். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பாதை உண்ணிச்செடிப் புதருக்குள் போய் முடிந்தது. பிள்ளைகள் நின்றார்கள், சண்டை போட்டார்கள், வரைபடத்தை விரித்தார்கள், திரும்பினார்கள். அதன்பிறகு இரண்டு நாளும் ஒவ்வொரு பிரிவிலும் நின்று பார்த்தார்கள், நாங்கள் யாரும் சொல்லாமலே. நான் வாய் திறந்திருந்தால் ஐம்பது நிமிடம் மிச்சமாகியிருக்கும், அடுத்த பிரிவிலும் அவர்கள் என் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

எப்போது வாய் திறக்க வேண்டும் என்பதிலும் சந்தேகம் வேண்டாம். ஓடும் தண்ணீரைக் கடப்பது, வழுக்குப் பாறை, செங்குத்தான விளிம்பு, இடி, விலங்கு, நெருப்பு: இவற்றில் எது எதிரே வந்தாலும் அந்த நொடியே பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடும். இதைப் புறப்படும் முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுவோம். "நான் 'நில்' என்றால் கேள்வி கேட்காமல் நிற்க வேண்டும், காரணம் அப்புறம் சொல்வேன்." மூன்று நாளில் அந்தச் சொல்லை இரண்டு, மூன்று தடவைக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு இருக்கும்.

எனக்கு மலையேற்றச் சான்றிதழ் எதுவும் இல்லை. வரலாமா?

வரலாம். எங்கள் நடைக்குக் கயிறும் பனிக்கோடாலியும் தேவையில்லை. எட்டு, பத்து கிலோ பையோடு ஆறு மணி நேரம் மேடேறிவிட்டு, மாலையில் எரிச்சல்படாமல் ஒரு பிள்ளையின் கதையைக் கேட்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஏறுவதைவிடக் கேட்பதுதான் பலருக்கு முடிவதில்லை.

முதலுதவிப் பயிற்சி மட்டும் கட்டாயம். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. மாணவர்களோடு போகும் முன் எங்களோடு இரண்டு நடைகள் வர வேண்டும், அதில் ஒன்று மழையில்.

பனிமலைக்குப் போக ஆசைப்படுபவர்கள் முறையான பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. டார்ஜிலிங்கில் 1954-இலும் உத்தரகாசியில் 1965-இலும் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. மணாலியிலும் உண்டு. அடிப்படைப் பயிற்சி கிட்டத்தட்ட நான்கு வாரம். அதற்கு விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். வாழ்நாள் முழுக்க உதவும்.

வயது 52 ஆகிறது. தாமதமாகிவிட்டதா?

இல்லை. எங்களில் மூத்தவருக்கு 63. இதயம், ரத்த அழுத்தம் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கூட வரும் இன்னொரு தன்னார்வலருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வனத்துறை அனுமதி அவ்வளவு அவசியமா? அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் தினமும் போய் வருகிறார்களே?

அவசியம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்தித்தான் பதில் சொல்வேன்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். போடிக்காரர்களுக்கு இன்றும் அந்த ஞாயிற்றுக்கிழமை மறக்கவில்லை. மார்ச் மாதப் புல் காய்ந்து கிடக்கும். காற்று சரிவில் மேல்நோக்கி வீசும்போது தீ மனிதனைவிட வேகமாக ஏறும். மேலே ஓடியவனைத் தீ துரத்திப் பிடிக்கும் என்பதை அதுவரை பலர் யோசித்ததே இல்லை.

அதன்பிறகு அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. காட்டுத்தீக் காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து நடக்கும்படி திறந்தது. திருவள்ளூர் பக்கம் குடியம் குகை, நீலகிரியில் கரிக்கையூர் பொறிவரைப் பாறை ஓவியங்கள், தேனியில் குரங்கணிப் பாதை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் முறை மாணவர்களை அழைத்துப் போகும் பள்ளிகளுக்கு நான் இந்தப் பாதைகளையே சொல்வேன். பதிவு இருக்கும், பயிற்சி பெற்ற வழிகாட்டி இருப்பார், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று துறைக்குத் தெரியும். ஏதாவது நடந்தால் தேடி வர ஆள் இருப்பதற்கு இந்தக் கணக்குதான் ஆதாரம்.

ஊர்க்காரர் போய் வருகிறார் என்றால் அது அவர் பிழைப்பு, அவர் காடு. நம்மோடு இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. நாங்கள் காட்டுக்குள் கூடாரம் அடிப்பதில்லை. அடிவாரக் கிராமத்துப் பள்ளியிலோ, தோட்டக் கட்டடத்திலோ தங்கி, பகலில் அனுமதி பெற்ற பாதையில் நடந்துவிட்டுத் திரும்புகிறோம். காட்டுக்குள் தூங்கினால்தான் மலை அனுபவம் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எங்கள் மாணவர்கள் யாரும் இதுவரை குறையாகச் சொன்னதில்லை.

உள்ளூர் வழிகாட்டி கூடவே வருகிறார். அப்புறம் தன்னார்வலர் எதற்கு?

அவர் மலைக்கு, நீங்கள் பிள்ளைகளுக்கு.

எங்களோடு வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் பளியர், முதுவர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். யானை எந்த நேரத்தில் எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்த ஊற்று வைகாசியில் வற்றும், எந்த மரத்தில் மலைத்தேனீ கூடு வைத்திருக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. அவர் "இன்னிக்கு இந்தப் பக்கம் வேண்டாம்" என்றால் வேண்டாம். காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், வாதாடக் கூடாது. புதிய தன்னார்வலர்களில் சிலர், கொஞ்சம் படித்த காரணத்தாலேயே, கைப்பேசி வரைபடத்தைக் காட்டி அவரிடம் விவாதிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள். யாருடைய அறிவுக்கு மதிப்பு உண்டு என்று அவர்கள் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான்.

அவரை அண்ணே, அய்யா என்று கூப்பிடுங்கள். அவர் சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். கூலியைப் பேசியபடி அன்றே கொடுத்துவிடுங்கள். மாலையில் வட்டமாக உட்காரும்போது அவரும் வட்டத்தில் இருக்க வேண்டும். பல நடைகளில் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பது அவரிடம்தான்.

எத்தனை மாணவர்களுக்கு எத்தனை பெரியவர்கள்?

ஆறு பேருக்கு ஒருவர் என்பது எங்கள் கணக்கு. மொத்தம் இருபதைத் தாண்டவிட மாட்டோம். மாணவிகள் இருந்தால் பெண் தன்னார்வலர்கள் குறைந்தது இரண்டு பேர், ஒருவர் இறங்க வேண்டி வந்தாலும் இன்னொருவர் இருப்பதற்காக.

எந்தப் பெரியவரும் எந்த மாணவரோடும் தனியாக, பிறர் கண்ணில் படாத இடத்தில் இருக்கக் கூடாது. காயத்துக்கு மருந்து போடும்போதும் இன்னொருவர் அருகில் இருப்பார். தூங்கும் அறைகள் தனித்தனி. மாணவர்களின் படத்தைத் தன்னார்வலர் தன் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. 2012 போக்சோ சட்டம் பற்றி ஒரு மணி நேர வகுப்பு எல்லோருக்கும் உண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மாணவர்களிடமும் சொல்லப்படும். இந்த விதிகளால் மனம் புண்படுபவர் இருந்தால் எங்களோடு வர வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறோம்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கலாம்?

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்கு சொன்னார். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 8 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வரும். அது நடந்து பழகிய ஆளின் கணக்கு. முதல் முறை பை சுமக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். ஐந்து மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே போய்ச் சேரலாம்.

இந்தக் கணக்கை மாணவர்களே முந்தைய நாள் இரவு போட வேண்டும். வரைபடத்தில் நூலை வைத்து அளந்து, உயரக் கோடுகளை எண்ணி, நேரம் எழுதுவார்கள். மறுநாள் எழுதியதும் நடந்ததும் எவ்வளவு விலகியது என்று பார்ப்பார்கள். கணக்குப் பாடம் பிடிக்காத ஒரு பையன் மூன்றாம் நாள் பத்து நிமிட வித்தியாசத்தில் சரியாகச் சொல்லிவிட்டு மலையுச்சியில் கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது.

மாலை 4 மணிக்குள் தங்குமிடத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் இருட்டு சீக்கிரம் விழும், யானையும் கரடியும் நடமாடத் தொடங்கும் நேரமும் அதுதான்.

எந்த மாதங்களில் போகலாம்?

எங்கள் பக்கத்து மலைகளுக்கு டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும் நல்லது. வடகிழக்குப் பருவமழை அடங்கியிருக்கும், புல் இன்னும் காயாது. தீக்காலம் முடிந்த ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் போகலாம், ஆனால் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கோடை மழை வரும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மலைக்கு மேலே மழை கொட்டினால் கீழே மழையே இல்லாவிட்டாலும் வெள்ளம் வரும். ஓடைத் தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே கரையேறி உயரத்துக்குப் போக வேண்டும். ஓடையில் குளிப்பதை நாங்கள் அறவே அனுமதிப்பதில்லை. பிள்ளைகள் கெஞ்சுவார்கள். மனம் இளகும். அனுமதிக்காதீர்கள்.

மின்னலுக்கு எளிய கணக்கு உண்டு: மின்னலைப் பார்த்து இடி கேட்க 30 விநாடிக்குக் குறைவாக ஆனால் அது ஆபத்தான தூரம். மேட்டிலிருந்து இறங்க வேண்டும், தனி மரத்தடியில் நிற்கக் கூடாது, ஒருவருக்கொருவர் இடைவெளி விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மீண்டும் மேடேறலாம்.

உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது திரும்பச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்களா?

ஒரு டிசம்பரில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நாள் தலைவி. உச்சி கண்ணில் தெரிகிறது, நாற்பது நிமிட ஏற்றம். காலை 11 மணிக்கே கேரளப் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. எங்களோடு வந்த முதுவர் அய்யா வானத்தைப் பார்த்துவிட்டு "இறங்கிரலாம்" என்றார், அவ்வளவுதான். நான் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டேன். மேலே போனபின் மழை பிடித்தால் அந்தப் பாறைச் சரிவில் இருபது பேரும் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? நம்மில் மிகவும் தடுமாறுபவர் யார்? ஐந்து நிமிடம் தனியே நின்றாள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, "திரும்புறோம். எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றாள்.

அன்று மழை வரவில்லை.

மாலையில் பையன்கள் விடவில்லை. "மழையே பெய்யலையே, சும்மா திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டா" என்றார்கள். அந்தப் பேச்சுதான் அந்த மூன்று நாளில் மிகச் சிறந்த பேச்சாக அமைந்தது. காலை 11 மணிக்கு நமக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, அதை வைத்து எடுத்த முடிவு சரியா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். விளைவை வைத்து முடிவை அளக்கக் கூடாது என்று ஒரு பையன் தன் சொந்த வார்த்தையில் சொன்னான். அவன்தான் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன்.

இம்மாதிரி முடிவை மாணவர் எடுக்காவிட்டால் தன்னார்வலர் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவர்களுக்கு முதலில் வாய்ப்புக் கொடுங்கள். நேரம் இருந்தால் கேள்வி கேளுங்கள், நேரம் இல்லையென்றால் "நில்".

பாம்பு, யானை, அட்டை?

பெற்றோர் முதலில் கேட்பது பாம்பு. நாங்கள் அதிகம் அஞ்சுவது யானைக்கும் தேனீக்கும்.

யானை இருக்கும் பகுதியில் பேச்சைக் குறைத்து நெருக்கமாக நடப்போம். புதிய சாணம், ஒடிந்த கிளை, மூங்கில் முறியும் சத்தம் இவற்றைக் கவனிக்க மாணவர்களைப் பழக்குவோம். பார்த்துவிட்டால் படம் எடுப்பது கிடையாது, வழிகாட்டி காட்டும் திசையில் அமைதியாகப் பின்வாங்குவதுதான். காட்டுமாடு சாதுவாக மேய்கிறதே என்று நெருங்கவும் கூடாது. மலைத்தேனீக் கூடு இருக்கும் பாறைக்குக் கீழே சத்தம், புகை, வாசனைத் திரவியம் எதுவும் ஆகாது. கொட்டத் தொடங்கினால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், ஒரே இடத்தில் நின்று கையை வீசக் கூடாது. ஒவ்வாமை உள்ள மாணவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், 108-ஐ அழையுங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு பாம்புகளுக்கானது. சோலைக்காட்டில் இருக்கும் குழிவிரியனுக்கு அது பொருந்தாது. ஆனாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். புறப்படும் முன்பே எந்த அரசு மருத்துவமனை அருகில், ஜீப் எந்த இடம் வரை வரும் என்று எழுதி வைத்திருப்போம்.

அட்டையால் எந்த ஆபத்தும் இல்லை. உப்போ வேப்பெண்ணெயோ போதும்.

உண்மையில் அதிகம் நடப்பது எது?

குதிகாலில் கொப்புளம், கணுக்கால் பிசகல், தலைச்சுற்றல். புது ஷூ வாங்கிப் போட்டு வரும் பிள்ளைக்குக் கொப்புளம் நிச்சயம். உரசத் தொடங்கிய இடம் சூடாக இருக்கும்போதே சொல்லும்படி பழக்கி, அப்போதே பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். "ஒண்ணும் இல்ல சார்" என்று மறைப்பார்கள், அதனால் ஒவ்வொரு ஓய்விலும் ஷூவைக் கழற்றிப் பாருங்கள்.

வெயிலில் ஏறும்போது வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் உடம்பு தளரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை எப்போதும் வைத்திருங்கள். மேலே போகப் போகக் குளிரும் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி குறையும். பெரியகுளத்தில் வியர்வையோடு கிளம்பி, வெள்ளகவி வழிப் பழைய நடைபாதையில் கொடைக்கானல் ஏறினால் சுமார் 12 டிகிரி வித்தியாசம். நனைந்த சட்டையில் காற்று பட்டால் நம் மலையிலும் உடல் வெப்பம் அபாயமாகக் குறையும். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகி, குழறிப் பேசி, கால் தடுமாறினால் உடனே ஈர உடையை மாற்றி, போர்த்தி, சூடாக இனிப்பான பானம் கொடுங்கள்.

மாணவிகளுக்கு மாதவிடாய் வந்தால்?

நடப்பார்கள், விருப்பமில்லையென்றால் முகாமில் இருப்பார்கள், அது அவர்கள் முடிவு. நாப்கினும், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர மூடியுள்ள பையும் எல்லாக் குழுக்களிலும் இருக்கும். இதைப் புறப்படும் முன் எல்லோர் முன்னிலும், பையன்களும் கேட்கும்படி, சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை சொன்னால் மூன்று நாளும் கிசுகிசுப்பு இருக்காது.

மாலை வட்டத்தில் என்ன பேசுவது?

நீங்கள் பேசாதீர்கள். மூன்று கேள்வி மட்டும்: இன்று என்ன நடந்தது? எந்த இடத்தில் கஷ்டப்பட்டோம்? நாளை எதை மாற்றுவது? நாள் தலைவர்கள் முதலில், பிறகு மற்றவர்கள். யாரையும் "நீ தப்புச் செய்தாய்" என்று ஆரம்பிக்க விடாதீர்கள். "அந்த மேட்டில் நீ முன்னால் போனபோது எனக்குப் பயமாக இருந்தது" என்று சொல்லப் பழக்குங்கள்.

மௌனம் வரும். இரண்டு நிமிடம்கூட நீளும். அதை நிரப்ப வேண்டும் என்று நமக்குத் தோன்றும். பள்ளியில் பின்வரிசையில் உட்காரும் பிள்ளை பேசுவது அந்த மௌனத்துக்குப் பிறகுதான் என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

இமயமலைக்கும் அழைத்துப் போவீர்களா?

இரண்டு ஆண்டு எங்களோடு நடந்த கல்லூரி மாணவர்களை மட்டும், தேர்ச்சி பெற்ற உள்ளூர்க் குழுவோடு சேர்த்து. 2,500 மீட்டருக்கு மேல் உடம்பின் கணக்கே வேறு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது. நேர்க்கோட்டில் குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவானாலும் இறக்க வேண்டும். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால் நம் ஊர்ப் பழக்கம் இதற்குப் பயிற்சியாகாது.

கைப்பேசி, சாப்பாடு, குப்பை?

மாணவர்களின் கைப்பேசிகள் அணைத்து ஒரு பையில். பெரியவர்களிடம் இரண்டு, வேறு வேறு நிறுவன சிம்மோடு. பல இடங்களில் டவர் கிடைக்காது, எங்கே கிடைக்கும் என்பதை வழிகாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் உப்புமாவோ கம்பங்கூழோ, வழியில் வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சை, மதியம் புளிசாதம். சமையலும் பாத்திரம் கழுவுவதும் முறை வைத்து மாணவர்கள், தங்குமிடத்தில் மட்டும். காட்டுப் பாதையில் தீக்குச்சியே கிடையாது. கொண்டுபோன உறை ஒவ்வொன்றும் எண்ணித் திரும்ப வரும், ஆரஞ்சுத் தோல் உட்பட.

பணம் கிடைக்குமா? கட்ட வேண்டுமா?

ஊதியம் கிடையாது. உங்கள் பயணச் செலவு உங்களுடையது, மலையில் சாப்பாடும் தங்குமிடமும் குழுவின் செலவு. கட்டணம் கட்ட முடியாத மாணவர்கள் ஒவ்வொரு குழுவிலும் சிலர் இருப்பார்கள். யார் என்பது தன்னார்வலர்களுக்குக்கூடச் சொல்லப்படாது.

முதல் முறை வரும்போது என்ன எடுத்து வர வேண்டும்?

பழகிய ஷூ, இரண்டு ஜோடி காலுறை, மழைக்கோட்டு, தலையில் மாட்டும் விளக்கு, ஊதல், இரண்டு லிட்டர் தண்ணீர், உங்கள் மருந்து, ஒரு சின்ன நோட்டு. பையில் கொஞ்சம் இடம் காலியாக விட்டு வாருங்கள். மதியத்துக்கு மேல் யாராவது ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் புட்டியோ ஸ்வெட்டரோ உங்கள் பைக்கு வந்து சேரும்.